கூடைப்பந்தின் கதை – 17: ஐம்பத்திரண்டாவது பெயர்

போன வாரம் மாஸ்கோவில் நிறுத்தியிருந்தோம். 1980 ஒலிம்பிக்கில் ஆடியவை 12 அணிகள். இந்தியாவுக்கு 12ஆவது இடம். சோவியத் அணியிடம் 65–121 என்று தோற்றோம். அப்படி நம்மை அடித்த சோவியத்துக்கே சொந்த மண்ணில் வெண்கலம்தான் கிடைத்தது என்று சொல்லி ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவோடு சேர்ந்து பல நாடுகள் புறக்கணித்ததால் வந்த வாய்ப்பு அது. கூடைப்பந்தில் இந்தியா ஒலிம்பிக் போனது அந்த ஒரு தடவைதான். 1960களில் ஆசியா முழுக்கப் பேர் வாங்கிய குஷி ராமும், மும்பை நாக்பாடாவின் அப்பாஸ் முன்டசீரும் அந்த மேடையை எட்டவே இல்லை. இடம் காலியானபோது அவர்களின் காலம் முடிந்திருந்தது.

அங்கிருந்து முப்பது வருடம் தாண்டி வருகிறேன். பெரிய ஆட்டக்காரர்கள் எங்கே விழுந்தார்கள், எதனால் விழுந்தார்கள் என்பதுதான் இந்த வாரம். வெற்றிகளைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஒரு நாட்டில் ஒரு விளையாட்டு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்க்க, அதன் ஆகச் சிறந்த ஆள் எந்த இடத்தில் தடுக்கி விழுந்தார் என்று பார்த்தால் போதும்.

முதலில், ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்கா. அங்கே தோல்விகள் பெரும்பாலும் ஆட்டக்காரரே தேடிக்கொண்டவை. வில்ட் சேம்பர்லைனை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த மனிதர். இன்றுவரை என்.பி.ஏ. லீக்கில் அதை யாரும் தொடவில்லை. அன்று அவர் எறிந்த 32 ஃப்ரீ த்ரோக்களில் 28 உள்ளே விழுந்தன. அவருடைய கைக்கு அது நம்ப முடியாத கணக்கு. காரணம், அந்தப் பருவத்தில் அவர் பந்தை இரண்டு கையாலும் இடுப்புக்குக் கீழே பிடித்து, கீழிருந்து மேலாக வீசிக்கொண்டிருந்தார். பார்க்க நன்றாக இருக்காது. பாட்டி எறிவது போல இருக்கிறது என்று அமெரிக்காவில் கேலி பேசுவார்கள். ஆனால் பலித்தது. பலித்ததை அவர் விட்டுவிட்டார்! அப்படி எறிய வெட்கமாக இருந்தது என்று பின்னாளில் அவரே எழுதினார். மறுபடி தலைக்கு மேலே தூக்கி எறிய ஆரம்பித்தார். 1967–68இல் அவருடைய ஃப்ரீ த்ரோ கணக்கு நூற்றுக்கு 38.

இதற்கு விலை கொடுக்கும் நாளும் வந்தது. 1969 இறுதிச் சுற்று, ஏழாவது ஆட்டம், பாஸ்டனுக்கு எதிராக. லேக்கர்ஸ் அணிக்காக ஆடிய சேம்பர்லைன் 13 ஃப்ரீ த்ரோ எறிந்து நான்கைத்தான் போட்டார். லேக்கர்ஸ் தோற்றது இரண்டே புள்ளியில், 106–108. கடைசி நிமிடங்களில் முழங்கால் வலித்து அவர் வெளியே போனதையும், திரும்ப வருகிறேன் என்றபோது பயிற்சியாளர் இறக்காமல் விட்டதையும்தான் எல்லோரும் இன்றும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த ஆட்டம் தோற்றது அந்த ஒன்பது ஃப்ரீ த்ரோக்களில்தான்.

மைக்கேல் ஜோர்டானுக்கும் தோல்விப் பட்டியல் உண்டு. 1994இல் பேஸ்பால் ஆடப் போய் பர்மிங்காம் பேரன்ஸ் என்ற சிறு அணியில் 0.202 சராசரியோடு தடுமாறினார். 2001இல் வாஷிங்டன் அணியின் நிர்வாகியாக, நாட்டிலேயே முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வைத்துக்கொண்டு க்வாமே பிரவுனை எடுத்தார். அந்தப் பிள்ளை அந்த எதிர்பார்ப்பின் பக்கத்தில்கூட வரவில்லை. சார்லட் அணிக்கு முதலாளியானபோது 2011–12 பருவத்தில் 7 வெற்றி, 59 தோல்வி. என்.பி.ஏ. வரலாற்றிலேயே மோசமான வெற்றி விகிதம் அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் பேஸ்பால் மட்டையோடு திணறிக்கொண்டிருந்த நாட்களிலும் கூடைப்பந்துச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. அவருடைய கூடைப்பந்து அணிக்கும், பர்மிங்காமுக்கு மேலிருந்த பெரிய பேஸ்பால் அணிக்கும் முதலாளி ஒருவரே. திரும்பி வந்து மூன்று பட்டங்கள் ஜெயித்தார். விழுந்தாலும் தாங்கிப் பிடிக்க ஆள் இருந்த விழுகை.

நம் ஆட்களின் கதை அப்படியில்லை.

நம் பக்கம் கூடைப்பந்து எங்கே வளர்ந்தது என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும். கபடிக்கு மண் போதும். வாலிபாலுக்கு இரண்டு கம்பும் ஒரு வலையும் போதும். அதனால் கூமாப்பட்டி, வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிராமங்களில் அவை தானாக முளைத்தன. கூடைப்பந்துக்குச் சமதளமான கெட்டித் தரை வேண்டும், இரும்புத் தூண் வேண்டும், பலகை வேண்டும், வளையம் வேண்டும். செலவு. ஆகவே அது கல்லூரி வளாகத்துக்குள்ளும் போலீஸ் லைனுக்குள்ளும் ரயில்வே மைதானத்துக்குள்ளும் நின்றுகொண்டது. 1920இல் ஹாரி க்ரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நமக்கு உடற்பயிற்சி ஆசிரியர்களைக் கொடுத்தது. அவர்கள் போன பள்ளிகளில் வளையம் எழுந்தது. விதிவிலக்காகச் சில ஊர்கள் உண்டு. கூமாப்பட்டிக்குப் பின்னால் நிற்கும் மலையைத் தாண்டினால் தேனி மாவட்டம். அங்கே பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடைதோறும் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு வங்கி, ரயில்வே, ராணுவ அணிகள் எல்லாம் வந்து ஆடும். ஊரே திரண்டு பார்க்கும்.

வந்து ஆடும் அணிகளின் பெயரைப் பாருங்கள். வங்கி, ரயில்வே, ராணுவம். இந்தியாவில் நல்ல கூடைப்பந்தாட்டக்காரருக்குக் கிடைக்கும் உச்சபட்சப் பரிசு, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலை. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகளை அந்த வேலைதான் தூக்கி நிறுத்தியது. ஆனால் வேலை கிடைத்த அன்றே ஒரு விஷயம் முடிந்துவிடுகிறது. 22 வயதில் நிரந்தரச் சம்பளம். அலுவலகம் மாறாது, எதிரணிகள் மாறாது, நேஷனல்ஸில் சந்திக்கிற அதே முகங்களைத்தான் பெரியகுளத்திலும் கோவையிலும் சந்திக்க வேண்டும். தன்னைவிட மேலான ஆளோடு வாரம் மூன்று ஆட்டம் மோதினால்தான் ஆட்டம் வளரும். அதற்கு இங்கே வழி கிடையாது.

அந்த வட்டத்துக்குள்ளிருந்து வெளியே எட்டிப் பார்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கீத்து அன்னா ஜோஸ். 1985இல் கோட்டயத்துக்கு அருகில் பிறந்தவர். முதலில் வாலிபால் ஆடியவர். 6 அடி 2 அங்குலம். சென்னையில் தெற்கு ரயில்வேயில் வேலை. அதனால் பாதி நம்மூர்ப் பெண் என்றே நான் வைத்துக்கொள்கிறேன். 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். இந்தியப் பெண் ஒருவர் அங்கே போய் ஆடியது அதுவே முதல் முறை. 2009இல் பெண்களுக்கான ஆசிய சாம்பியன்ஷிப் சென்னையில் நடந்தபோது இந்திய அணியின் தூண் அவர்தான். உள்நாட்டில் அவரைத் தடுக்க ஆளே கிடையாது. பந்து அவர் கைக்குப் போனால் இரண்டு பேர் சேர்ந்து போய் நிற்க வேண்டும்.

2011 ஏப்ரலில் அவருக்கு அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று அணிகள் அவரைச் சோதித்துப் பார்த்தன. எந்த இந்தியருக்கும் அதற்கு முன் அது நடந்ததில்லை. மூன்றுமே எடுக்கவில்லை.

ஏன் என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அன்று அந்த லீக்கில் 12 அணிகள், அணிக்கு 11 பேர். உலகத்துக்கே 132 இடங்கள்தான். அது ஒன்று. அதைவிட முக்கியம், இந்தியாவில் கீத்து ஆடியது வளையத்துக்கு அடியில், சென்டர் இடத்தில். ஆடுகளத்தில் அவரைவிட உயரமானவர் இல்லை என்பதால் எந்தப் பயிற்சியாளரும் அவரை அங்கேதான் நிறுத்துவார். சிகாகோவில் அந்த இடத்தில் நின்றவர் சில்வியா ஃபௌல்ஸ், 6 அடி 6 அங்குலம். லாஸ் ஏஞ்சலஸில் 6 அடி 4 அங்குலமுள்ள கேண்டஸ் பார்க்கர் பந்தை உருட்டிக்கொண்டு ஓடி வந்து வெளியிலிருந்து எறிவார். அங்கே 6 அடி 2 அங்குலம் என்றால் ஓரத்தில் ஆட வேண்டும். தூரத்திலிருந்து எறிய வேண்டும், தன்னைவிட வேகமான ஆளை மறிக்க வேண்டும். 25 வயதில் ஒருவர் சில நாள் சோதனையில் வேறொரு ஆட்டக்காரராக மாறிக் காட்ட முடியுமா? கீத்துவின் கையில் குறை இல்லை. பத்து வருடம் அவர் தவறான இடத்தில் நின்று ஜெயித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். 2014இல் அர்ஜுனா விருது கொடுத்தார்கள்.

இனி சத்னம் சிங்கின் கதை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பஞ்சாபில் பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்ற சிறு கிராமம். அப்பா பல்பீர் சிங் விவசாயி, மாவு மில்லும் வைத்திருந்தார். அவரே ஏழடி ஆள். இளமையில் கூடைப்பந்து ஆடச் சொல்லி அவரைக் கேட்டிருக்கிறார்கள், வீட்டில் விடவில்லை. நிலத்தை யார் பார்ப்பது? அந்த ஏக்கத்தை மகன் மேல் இறக்கி வைத்தார். 1995 டிசம்பரில் பிறந்த சத்னம் பத்து வயதிலேயே பெரியவர்களின் உயரத்துக்கு வளர்ந்திருந்தான். அவனை லூதியானா கூடைப்பந்து அகாடமியில் கொண்டுபோய் விட்டார் அப்பா. அங்கே அவனை வளர்த்தெடுத்த பயிற்சியாளரின் பெயர் சங்கரன் சுப்பிரமணியன். கோதுமை வயல்களுக்கு நடுவே நம் காதுக்குப் பழகிய ஒரு பெயர். பஞ்சாபின் ஒரு தலைமுறை நெட்டை ஆட்டக்காரர்கள் அவர் கையில் உருவானவர்கள். 2013இல் அவர் காலமாகிவிட்டார். அவருடைய பையனின் பெயர் அமெரிக்காவில் வாசிக்கப்பட்டதைக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை.

2010இல் ஐ.எம்.ஜி.–ரிலையன்ஸ் உதவித்தொகை கிடைத்து, 14 வயதில் சத்னம் ஃப்ளோரிடாவின் பிராடென்டன் நகரிலுள்ள அகாடமிக்குப் போனான். ஆங்கிலம் தெரியாது. காலுக்கேற்ற காலணியே இந்தியக் கடைகளில் கிடைக்காமல் வளர்ந்த பையன். ஐந்து வருடம் அங்கேயே தங்கிப் படித்து ஆடினான். 2015 ஜூன் 25 இரவு, புரூக்ளினில் நடந்த என்.பி.ஏ. வீரர் தேர்வில் 60 பெயர்கள் வாசிக்கப்பட்டன. 52ஆவதாக டல்லாஸ் மேவரிக்ஸ் அணி வாசித்த பெயர் சத்னம் சிங். இந்தியாவில் பிறந்து அந்தப் பட்டியலில் இடம் பிடித்த முதல் ஆள். வயது 19, உயரம் 7 அடி 2 அங்குலம்.

2025 ஜூனில் ஒரு இளைஞர் போட்ட ரீல்ஸால் கூமாப்பட்டி ஒரே வாரத்தில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ஊரானது நினைவிருக்கும். அங்குள்ள பிளவக்கல் அணையில் குளிக்க அனுமதி இல்லை என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டே இருக்க, கார்கள் வந்துகொண்டே இருந்தன. பத்து வருடம் முன்பு, சத்னம் தேர்வான அந்த ஜூனில், பல்லோ கேவுக்கும் அதுதான் நடந்தது. தொலைக்காட்சி வண்டிகள் போய் நின்றன. அடுத்த வருடம் ‘நூறு கோடியில் ஒருவன்’ என்ற பொருளில் தலைப்பு வைத்து ஆவணப்படம் எடுத்தார்கள். 52ஆவது இடம் என்றால் என்ன என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

முதல் சுற்றில் வரும் 30 பேருக்குத்தான் சம்பள உத்தரவாதம் உண்டு. இரண்டாம் சுற்றில் வந்தவருக்கு ஒப்பந்தமே கிடைக்காமலும் போகலாம். அணி அவர்மேல் உரிமையை வைத்துக்கொள்ளும், அவ்வளவே. இந்தியச் செய்தித்தாள்கள் அந்தப் பையனை என்.பி.ஏ. ஆட்டக்காரர் என்றே எழுதின. அவர் ஒரு நிமிடம்கூட என்.பி.ஏ.வில் ஆடவில்லை.

இன்னொன்று, இதை எந்தப் பயிற்சியாளரும் முன்கூட்டிச் சரிசெய்திருக்க முடியாது. அந்தத் தேர்வுக்கு ஒன்பது நாள் முன்பு, ஜூன் 16 அன்று, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் சாம்பியன் ஆனது. எப்படி? கிளீவ்லாந்துக்கு எதிரான இறுதிச் சுற்றில் 1–2 என்று பின்தங்கியிருந்தபோது, தங்கள் ஏழடி சென்டரான ஆண்ட்ரூ போகட்டை முதல் ஐந்திலிருந்து எடுத்துவிட்டு, ஓடக்கூடிய, எங்கிருந்தும் எறியக்கூடிய ஆண்ட்ரே இகுவடாலாவை இறக்கினார்கள். தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தார்கள். இகுவடாலாவுக்கே தொடர் நாயகன் விருது. மொத்த லீக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2000–01இல் ஒரு அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 14 மூன்று புள்ளி எறிகள் முயன்றது. 2014–15இல் அது 22. 2018–19இல் 32. வளையத்துக்கு அடியில் மரம் போல நிற்கும் ஆளுக்கு இருந்த வேலை கண்ணெதிரே காணாமல் போனது. சத்னத்தைப் பத்து வயதிலிருந்து தயார் செய்தது அந்த வேலைக்குத்தான்.

காலம் மாறியதால் மட்டும்தான் தோற்றார் என்று சொல்லிவிட முடியாது. டல்லாஸுக்கு அந்தக் கோடையில் சென்டர் அவசரமாகத் தேவைப்பட்டது. வருகிறேன் என்று வாக்குக் கொடுத்த டியாண்ட்ரே ஜோர்டான் கடைசி நேரத்தில் மனம் மாறிப் பழைய அணியிலேயே தங்கிவிட்டார். அப்போது டல்லாஸ் யாரைக் கூட்டி வந்தது தெரியுமா? பலரில் ஒருவர் சாலா மெஜ்ரி. துனீசியாக்காரர். உயரம் சத்னத்தைப் போலவே 7 அடி 2 அங்குலம். எந்தத் தேர்விலும் யாரும் அவர் பெயரை வாசித்ததில்லை. அவர் நான்கு பருவம் டல்லாஸுக்கு ஆடினார்.

இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே அணி, ஒரே கோடை. வித்தியாசம் எங்கே? மெஜ்ரிக்கு அப்போது வயது 29. துனீசியாவில் எத்துவால் துய் சாஹேல் கிளப்பில் தொடங்கி, பெல்ஜியம் போய், ஸ்பெயினில் ஒப்ரதோய்ரோவில் ஆடி, ரியல் மாட்ரிட் வரை ஏறியவர். 2011இல் துனீசியா ஆப்பிரிக்க சாம்பியன் ஆனபோது சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். அப்போது ஏறக்குறைய 1.1 கோடி ஜனம் இருந்த நாடு. தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கு தேறும். அங்கிருந்து ஒரு நெட்டையன் படிப்படியாக ஏறுவதற்கு இடையில் நான்கு படிகள் இருந்தன. சத்னத்துக்கு லூதியானாவும் பிராடென்டனும் டல்லாஸும்தான். நடுவில் ஒன்றுமில்லை. சீனாவின் யாவோ மிங்கை எடுங்கள். 2002இல் முதல் ஆளாகத் தேர்வாகும் முன் ஷாங்காய் அணிக்காக ஐந்து பருவம் பெரிய ஆட்களோடு மோதியிருந்தார். சத்னம் தேர்வான நாள்வரை, சம்பளத்துக்கு ஆடும் பெரியவர்களோடு ஒரு முழுப் பருவம்கூட ஆடியதில்லை. யு.பி.ஏ. என்ற தொழில்முறைப் போட்டி இந்தியாவில் தொடங்கியதே அந்த 2015இல்தான். 2017இல் அதுவும் நின்றுபோனது.

அதே 2015 ஏப்ரலில் கனடாவில் பிறந்த பஞ்சாபிப் பிள்ளை சிம் புல்லர், 7 அடி 5 அங்குலம், சாக்ரமென்டோவுக்காக மூன்று ஆட்டங்களில் மொத்தம் சில நிமிடங்கள் ஆடி இரண்டு புள்ளி எடுத்தார். இந்திய வம்சாவளியில் என்.பி.ஏ. தரையை மிதித்த முதல் கால்கள் அவருடையவை. அதோடு அவர் கதையும் அங்கே முடிந்தது.

சத்னம் இரண்டு பருவம் டல்லாஸின் கிளை அணியான டெக்சாஸ் லெஜன்ட்ஸில் இருந்தார். அங்கேயும் பெரும்பாலும் பெஞ்சில்தான். பிறகு இந்தியா. பிறகு 2018–19இல் கனடாவில் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணி. 2018 காமன்வெல்த் போட்டியில் இந்தியாவுக்கு ஆடினார். எங்கே போனாலும் அந்த 52ஆம் எண் கூடவே வந்தது. ஒரு ஆட்டம் சரியாக ஆடவில்லை என்றால், என்.பி.ஏ. போன ஆளா இவர் என்ற கேள்வி.

அடுத்த அடி 2019 நவம்பரில். தெற்காசியப் போட்டிக்கு முன் நடந்த முகாமில் எடுத்த பரிசோதனையில் ஹைஜினமைன் என்ற தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. சில தாவரங்களிலும், உடற்பயிற்சிக்காரர்கள் குடிக்கும் சில சத்துப் பொடிகளிலும் இருக்கக்கூடிய பொருள் அது. 2017 தடைப் பட்டியலில் அதை வெளிப்படையாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தார்கள். இரண்டு வருடத் தடை. 2021 நவம்பரில் தடை முடிந்தபோது அவருக்கு 26 முடிய ஒரு மாதம்தான் பாக்கி. மெஜ்ரி மாட்ரிட் போன வயதுக்கே இன்னும் சத்னம் வரவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு சென்டருக்கு அது முடியும் வயதில்லை. இந்தத் தடைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், சட்டப்படி ஆட்டக்காரர்தான். வாயில் போவதற்கெல்லாம் அவரே பொறுப்பு. அந்த விதி சரியான விதி என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு என்.பி.ஏ. அணியில் பொடி டப்பாவின் லேபிளைப் படித்துச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆள் இருப்பார். நம் முகாம்களில் ஆட்டக்காரர்களே கடையில் வாங்கிக் கொள்வதுதான் வழக்கம்.

2021இல் அமெரிக்காவின் ஏ.இ.டபிள்யூ. மல்யுத்த நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 2022 ஏப்ரலில் தொலைக்காட்சியில் அறிமுகமானார். விளக்கு அணைந்து எரிகிறது, நடு மேடையில் சத்னம் நிற்கிறார், கூட்டம் கத்துகிறது. இங்கே சிலர் அதைப் பரிதாபமாக எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூடைப்பந்து அவருக்கு முழுதாகக் கொடுக்காத ஒரு வேலையை அவர் வேறிடத்தில் தேடிக்கொண்டார். உயரத்தைப் பார்த்ததும் முடிவு கட்டாமல், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, அதற்குச் சம்பளமும் தரும் இடம் அது.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் வேறு வழியில் போனார்கள். லூதியானாவிலேயே வளர்ந்த அம்ரித்பால் சிங் 2017இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணிக்குப் போனார். அம்ஜ்யோத் சிங் ஓக்லஹோமாவின் கிளை அணிக்கு ஆடினார். பிரின்ஸ்பால் சிங் 2021 கோடை லீக்கில் பட்டம் வென்ற சாக்ரமென்டோ அணியில் இருந்தார். எல்லாமே ஒரு படி, இரண்டு படி. தேர்வுப் பட்டியலில் இந்தியாவில் பிறந்த இரண்டாவது பெயர் 2025 வரை வரவில்லை.

அடுத்த வாரம் பஞ்சாபை விட்டுச் சென்னைக்குத் திரும்புகிறோம். 19 வயதில் இந்திய அணிக்குத் தலைவியாகி, குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்து ஆடி, 2021இல் பத்மஸ்ரீ வாங்கிய தெற்கு ரயில்வேயின் அனிதா பால்துரை.

(தொடரும்)